மயில்கழுத்து நிறம்

உலகத்தில் எவர் வீட்டுக் கடிதம் எந்த நிறத்தில் போனாலும் குற்றாலிங்கம் வீட்டுக் கடிதம் மயில்கழுத்து நிறத்தில்தான் போகும். எழுத்து நிமிர்ந்து நிற்கும். பருமனும் கொஞ்சம் கூடுதல். தென்காசியிலிருந்து சிங்கப்பூர் வரை பரந்து கிடந்த உறவினர்கள், அனுப்பியவர் பெயரைப் பார்க்காமலே "பாளையங்கோட்டையிலேருந்து வந்திருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். மின்வாரியத்தில் மேற்பார்வைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, வகித்த பதவியைவிட அந்தப் பேச்சில்தான் பெருமை அதிகம்.

அப்படி ஒரு நிறத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலமாக அது இருந்தது. 'தூது' என்ற அஞ்சல் செயலி உலகத்தையே பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தட்டச்சு செய்கிறவனின் விரல் எவ்வளவு அழுத்துகிறது, எங்கே தயங்குகிறது, எதை அடித்துவிட்டு அழிக்கிறது என்பதையெல்லாம் அது கவனித்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப எழுத்துக்கு நிறமும் வடிவமும் கொடுக்கும். மனம் அமைதியாக இருந்தால் இலைப்பச்சை. கோபமென்றால் செங்கல் நிறம். துக்கத்துக்குக் கத்தரிப்பூ. பயத்துக்குச் சாம்பல், பயம் முற்றினால் எழுத்து மெலிந்து, ணகர னகரங்களின் சுழிகள் மூடாமல் பிளந்து நிற்கும். இதற்குக் கைநிறம் என்று பெயர்.

விளையாட்டாக வந்தது பழக்கமாகி, பிறகு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஜனங்கள் சொல்லைப் படிப்பதை விட்டுவிட்டு நிறத்தைப் படித்தார்கள். இரங்கல் கடிதம் பச்சையாகப் போய்ச் சேர்ந்ததில் கூடப் பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். 'பெண்ணைப் பிடித்திருக்கிறது' என்று மாப்பிள்ளை எழுதியது சாம்பலாக வந்ததால், மண்டபம் பேசி முடித்த கல்யாணங்கள் நின்றன. விடுப்புக் கேட்டு மேலதிகாரிக்கு எழுதுமுன் மூச்சுப் பயிற்சி செய்தார்கள். பதறாத விரல்காரர்கள் பிறருக்காகத் தட்டச்சு செய்து கொடுக்கும் கடைகள் கோர்ட்டு வாசல்களில் முளைத்தன.

குற்றாலிங்கத்துக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்க வேண்டும், வாசலில் காயப்போடக் கூடாது என்பது அவர் கொள்கை. செயலியைக் குடைந்து பார்த்தார். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் 'இயல்பு எழுத்தும் நிறமும்' என்று ஒரு பக்கம் இருந்தது. புதுக் கடிதத்துக்கு என்ன எழுத்துரு, பதிலுக்கு என்ன நிறம், எவ்வளவு பருமன் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். வைத்துவிட்டால் கைநிறம் அதற்கு அடியில் மறைந்துபோகும். குடும்பத் தலைவர் வைத்தால் குடும்பத்தில் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில் கறுப்பைத்தான் தேர்ந்தெடுத்தார். மனைவி உலகம்மாள் விடவில்லை.

"நம்ம கோமதி கல்யாணத்துக்குச் சொல்லி எழுதணும். கருமாதிக் கடுதாசி மாதிரி கறுப்புல அனுப்பப் போறியளா?"

"பின்ன எதை வைக்கச் சொல்லுத?"

அவள் நிறப்பலகையில் விரலை ஓட்டி, மயில்கழுத்தில் நிறுத்தினாள். 'குடும்பத்தார் அனைவருக்கும்' என்ற கட்டத்தில் அவர் குறியிட்டார். அவ்வளவுதான். அந்த வீட்டு மனிதர்களின் கோபமும் துக்கமும் அன்றோடு வெளியார் கண்ணுக்கு அகப்படாமல் போயின. பார்த்தவர்கள் மலைத்தார்கள். சில பெரிய குடும்பங்கள் இவரைப் பார்த்துத் தாங்களும் ஒரு நிறம் வைத்துக்கொண்டன.

மகள் கோமதி கல்யாணமாகி நார்வே நாட்டின் பெர்கன் நகரத்துக்குப் போனபோதும் தூதில் அந்தக் குடும்பக் கணக்கோடுதான் போனாள். "ஊர் மாறலாம்மா, நம்ம வீட்டு எழுத்து மாறக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். தூத்துக்குடிச் சம்பந்தி திரவியமும் இதில் குறை காணவில்லை. "உங்க வீட்டு எழுத்துக்கே ஒரு கம்பீரம் இருக்கு சம்பந்தி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோமதியின் கடிதம் வரும். 'அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, இங்கு நலம். உங்கள் நலமறிய ஆவல்.' அதன் பிறகு மழையைப் பற்றி, குளிரைப் பற்றி, அங்கே கிடைக்காத கத்தரிக்காயைப் பற்றி நாலு வரி. இவரும் 'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்கிப் பதில் போடுவார். கடிதம் வந்த உடனே அதைப் பெரிய திரையில் திறந்து வைத்துவிட்டு, மயில்கழுத்து நிறத்தில் வரிசை குலையாமல் நிற்கும் மகளின் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம்.

அந்த நிம்மதியில்தான் தென்காசிக் கல்யாணப் பந்தியில் கல் விழுந்தது.

கப்பலில் வேலை பார்க்கும் தூரத்து உறவுக்காரன் ஒருவன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "மாமா, போன மாசம் பெர்கன்ல நம்ம கோமதியைப் பாத்தேன்" என்றான்.

"அப்படியா? மாப்பிள்ளையும் இருந்தாரா?"

"அவ மட்டுந்தான். துறைமுகத்துக்கிட்ட ஒரு ஓட்டல், அதுல வரவேற்பு மேசையில நிக்கா. மாப்பிள்ளை எங்கன்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டா. கழுத்து வெறுசா இருந்துச்சு. குளிர் ஊர்ல நகை போட மாட்டாங்க போலுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவன் கப்பலில் கத்திப் பேசியே பழகியவன். நாலு இலைக்கு அந்தப் பக்கம் வரை பேச்சு நின்றது. குற்றாலிங்கம் பாயசத்தைக் கடைசிச் சொட்டு வரை சாப்பிட்டார். பந்தியில் கடைசி ஆளாக எழுந்தார். மண்டப வாசலில் நின்று, பெண் வீட்டாரிடம் சிரித்துப் பேசி விடைபெற்றார். கார் கதவைச் சாத்திய பிறகுதான் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மின்விசிறியைப் போட்டார், நிறுத்தினார். பேப்பரை எடுத்தார், வைத்தார். கோமதிக்குப் போன் போட்டார். "நல்லா இருக்கேன்ப்பா" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. எந்த நிலையிலும் குரலை நிமிர்த்திப் பேச வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அவளைப் பழக்கியவர் அவரேதான். 'மாப்பிள்ளை எங்கே?' என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

எழுதிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பதிலும் அன்றே வந்தது. 'இங்கு நலம்.' மயில்கழுத்து நிறத்தில், நிமிர்ந்து.

ஊரில் எவனெவன் வீட்டுக் கடிதத்தையோ பிரித்து அவன் வயிற்றுவலி வரைக்கும் தெரிந்துகொள்ள முடிகிறது. தன் பெண்ணின் கடிதம் மட்டும் அவருக்குச் சுவர் மாதிரி நின்றது.

மறுநாள் காலை உலகம்மாள் தன் தம்பி ஆவுடையப்பனை வரவழைத்துவிட்டாள். பெங்களூரில் கணினி நிறுவனங்களிலேயே முடியை நரைக்க விட்டுவிட்டு வந்தவன். அத்தானைச் சீண்டுவதற்குக் கிடைத்த சந்தர்ப்பம் எதையும் அவன் விட்டதில்லை.

"என்ன அத்தான், கூண்டுப் புலி மாதிரி நடக்கிய? தரை தேயுது."

"டே, வெளையாடாத. கோமதி எழுதினதுல மட்டும் அந்த நிறத்தை எடுத்துட்டுப் பாக்கணும். எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

ஆவுடையப்பன் கணினி முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

"முடியாது. இது என்ன சட்டையா, ஒருத்தர் மட்டும் கழட்டுறதுக்கு? கூரை அத்தான். பிரிச்சா எல்லார் தலைக்கு மேலயும் வெயில் அடிக்கும்."

"புரியிற மாதிரிச் சொல்லு."

"கைநிறம் அழிஞ்சு போகலை. அன்னைக்கு எழுதினது எல்லாம் அப்படி அப்படியே அடியில கிடக்கு. மேல நீங்க வச்ச நிறம் மூடியிருக்கு. எடுத்தா, இந்தக் குடும்பத்துலேருந்து யாரு யாருக்கு எப்ப என்ன எழுதியிருந்தாலும், அவங்க அவங்க பெட்டியில கிடக்கிற கடுதாசியிலயே நெசமான நிறம் வந்துரும். அக்கா எழுதினது, கோமதி எழுதினது..." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நீங்க எழுதினதும்."

குற்றாலிங்கம் சன்னலோரம் போய் நின்றார். மின்வாரியத்து மேலதிகாரிகளுக்கு எழுதியது, ஆலயக் கமிட்டிக்கு எழுதியது, கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்திக்கு எழுதியது, தம்பி செத்தபோது தம்பி பெண்டாட்டிக்கு எழுதியது என்று ஒவ்வொன்றாகத் தலைக்குள் வந்தன. எந்தக் கடிதத்தை எந்த மனத்தோடு எழுதினோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? விரலுக்கு இருந்திருக்கிறது.

"பாத்துட்டுத் திரும்ப மூட முடியாதா?"

"ஒரு நாள் தவணை தருவான். அதுக்குள்ள வேண்டாம்னு சொன்னா பழையபடி மூடிரும். தாண்டிட்டா அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு நாளும் ஊரே பாக்கலாம். நம்ம சாதி சனம் எப்பேர்ப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தன் பாத்தா ஒம்பது பேருக்குக் கூப்பிட்டுச் சொல்லுவான்."

"நம்ம வீட்டு மானத்தைச் சந்தியில வைக்கச் சொல்லுத."

"நான் எங்க வைக்கச் சொன்னேன்? நீங்கதான் கூப்பிட்டு விட்டிய."

அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற உலகம்மாள் உள்ளே வந்தாள். அவள் அவரை எதிர்த்துப் பேசி அந்த அறை பார்த்ததில்லை.

"அந்த நிறத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். அது என் பிள்ளை முகத்தை மறைக்கும்னு தெரிஞ்சா கொடுத்திருப்பேனா? கழுத்து வெறுசா நிக்கான்னு பந்தியில ஒருத்தன் சொல்லுதான். இன்னும் எந்த மானத்தை மூடி வைக்கப் போறிய?"

அவர் நேராக வந்து, ஆவுடையப்பனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். தான் வைத்ததைத் தானே எடுப்பதுதான் முறை என்று நினைத்தார். 'இயல்பு எழுத்தும் நிறமும்' பக்கத்தைத் திறந்தார். கட்டத்திலிருந்த குறியை எடுத்தார். 'இது பழைய கடிதங்கள் அனைத்துக்கும் பொருந்தும். உறுதியா?' என்று திரை கேட்டது. கேட்டது இயந்திரம்தான் என்றாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'ஆம்' என்பதை அழுத்தினார்.

கோமதியின் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் மாறின.

முதல் கடிதம் பச்சையும் கத்தரிப்பூவும் கலந்து வந்தது. வீட்டைப் பிரிந்த புதுசு, அது இருக்கும்தானே என்று தேற்றிக்கொண்டார். அடுத்தது சாம்பல். அதற்கடுத்ததும் சாம்பல். பக்கத்தைக் கீழே தள்ளத் தள்ளச் சாம்பலாகவே வந்துகொண்டிருந்தது. 'இங்கு நான் நலம். அவர் நலம்' என்பதில் நகர எழுத்துகள் நூலாக மெலிந்து கிடந்தன. 'கண்ணாடி அலமாரி தவறி விழுந்துவிட்டது, வேறொன்றுமில்லை' என்று எழுதியிருந்த வரியில் ஒரு சுழியாவது மூடியிருக்கவில்லை. அந்தக் கடிதம் வந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதை ஒரு நண்பருக்குக் காட்டி, 'என் பெண் எழுத்தைப் பார்த்தீரா' என்று சொல்லியிருந்தார்.

உலகம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பிறகு, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரை பச்சையானது. முதலில் வெளிறிய பச்சை. அடுத்தடுத்த வாரங்களில் மழை பெய்த மறுநாள் வயல் மாதிரி அடர்ந்துகொண்டே போனது. நேற்று வந்த 'இங்கு நலம்' வரைக்கும் பச்சை.

"மெஷின் கோளாறாடே?" என்றார் குற்றாலிங்கம். குரல் அவருடையது மாதிரி இல்லை.

"மெஷினை விடுங்க அத்தான். அது பச்சையான அன்னைக்கு என்ன எழுதியிருக்கான்னு படிங்க."

படித்தார். 'இங்கு நலம். இந்த வாரம் வீடு மாற்றினேன். சன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிறது. பக்கத்திலேயே ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன்.'

உலகம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "மாத்தினேன்னு எழுதியிருக்கா. முன்னெல்லாம் போனோம், வந்தோம், வாங்கினோம்னுதானே எழுதுவா?" அவள் விரல் திரையில் மேலும் கீழும் ஓடியது. "இதுலேருந்து 'அவர் நலம்'ங்கிறதும் இல்ல பாருங்க. ஒரு கடுதாசியிலகூட இல்ல."

ஓட்டல் வேலை வரைக்கும் மகள் எழுதியிருந்தாள். எல்லாம் நிமிர்ந்த பெரிய எழுத்தில், இரண்டு ஆண்டுகளாக அவர் கண் முன்னால் கிடந்தது. அவர் எழுத்தின் அழகைப் பார்த்தார். மகள் எழுதியதைப் படிக்கவில்லை. அவள் செத்துச் செத்துப் பிழைத்த நாட்களில் பெருமைப்பட்டிருக்கிறார். பிழைத்து எழுந்து நிற்கிற இந்த நாளில், மானம் போயிற்றே என்று தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"உங்க கடுதாசியையும் ஒரு பார்வை பாத்துக்கலாம் அத்தான். யாராவது கேட்டா..."

"வேண்டாம்."

பக்கத்துப் பட்டியலில் ஆவுடையப்பன் கண் எதையோ பார்த்திருக்க வேண்டும். வேடிக்கை ஏதும் சொல்லாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு இலை போடுமுன் தூத்துக்குடியிலிருந்து போன் வந்துவிட்டது.

"சம்பந்தி, என்ன இது? உங்க வீட்டு மெயிலெல்லாம் நிறம் மாறிக் கிடக்கு?" திரவியத்தின் குரல் பதறியது. "கோமதி எங்க வீட்டுக்கு எழுதினது அத்தனையும் சாம்பலு. பாக்கச் சகிக்கலை. என் தங்கச்சி வீட்டுல பாத்துட்டு, மருமகளை என்ன பாடு படுத்தினீங்கன்னு கேக்கா. சின்னவனுக்கு இப்பத்தான் பொண்ணு பேசிக்கிட்டிருக்கோம்."

"பிள்ளைங்க ரெண்டும் தனித்தனியா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இப்ப அதுவா முக்கியம் சம்பந்தி?"

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்" என்றார் திரவியம். "என் பையன் கை நீளுறதும் தெரியும். கண்டிச்சேன், கேக்கலை. வெளிய சொன்னா ரெண்டு வீட்டு மானமும் போயிருமேன்னு... சம்பந்தி, நீங்க மூடி வச்சிருந்தியளே, அதைப் பாத்துத்தானே நாங்களும் மூடினோம். உங்களை மாதிரி ஒரு குடும்பம் அப்படித்தான் விரும்பும்னு நெனச்சோம். சாயந்தரத்துக்குள்ள திரும்ப மூடிருங்க. மெஷின் கோளாறுன்னு நான் இந்தப் பக்கம் சொல்லிக்கிடுதேன். யாரும் அதுக்கு மேல தோண்ட மாட்டாங்க."

குற்றாலிங்கம் திரையைப் பார்த்தார். அடியில் 'பழையபடி மூடுக' என்ற பொத்தான் காத்திருந்தது. ஒரு தட்டு. ஊர் வாய் அடங்கும். அடுத்த கல்யாணப் பந்தியில் தலைநிமிர்ந்து உட்காரலாம்.

வாழ்நாளெல்லாம் நிமிர்ந்தே பழகிய முதுகு, அந்த நேரத்திலும் வளையவில்லை.

"சம்பந்தி, எங்க வீட்டுல எழுதினதைத் திருத்துற வழக்கம் கிடையாது. என் மக உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எழுதியிருக்கா. அது அப்படியே கிடக்கும். நாலு பேரு பாத்தா பாக்கட்டும். கேட்டா, தனியா இருக்கா, நல்லா இருக்கான்னு நானே சொல்லுவேன். உங்க சின்னவனுக்குப் பொண்ணு கொடுக்கப்போறவங்களும் பாத்துட்டே கொடுக்கட்டும்."

போனை வைத்துவிட்டார். உலகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வந்த அழுகையை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மகளுக்கு என்ன எழுதுவது? கணினி முன்னால் உட்கார்ந்து 'இங்கு யாவரும்' என்று தொடங்கினார், அழித்தார். 'அம்மா கோமதி' என்றார், அழித்தார். எழுந்து நடந்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். அப்படி இருக்கும்போதே திரை ஒரு முறை மின்னியது. கோமதியிடமிருந்து கடிதம். ஞாயிற்றுக்கிழமை அல்லாத ஒரு நாளில் அவளிடமிருந்து வந்த முதல் கடிதம்.

'அப்பா,

நிறம் மாறியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். என்னுடையதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேசலாம், நான் இனி எதையும் மறைக்கப்போவதில்லை. நான் எழுதுவது உங்களைப் பற்றி.

உங்கள் கடிதங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். நான் இங்கே வந்த நாளிலிருந்து நீங்கள் எனக்கு எழுதியது அத்தனையும் சாம்பல். "இங்கு யாவரும் நலம்" என்பதும் சாம்பல். "தைரியமாக இரு" என்பதில் ஓர் எழுத்தாவது முழுசாக இல்லை. ஒவ்வொரு வாரமும் என் பதிலை நினைத்து இப்படிப் பயந்துகொண்டா எழுதினீர்கள்?

அப்பா கல் மாதிரி இருக்கிறார், அவரிடம் போய் இதைச் சொல்லி எப்படி அழுவது என்றுதான் மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் பயந்தவர்தான் என்று தெரிந்திருந்தால் முதல் அடி விழுந்த அன்றே கூப்பிட்டிருப்பேன்.'

அவர் அதை ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

அவர் முணுமுணுத்துப் படிக்கும் சத்தம் கேட்டு உலகம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "கோமதியா? என்ன நிறத்துல எழுதியிருக்கா? சொல்லுங்க, பச்சையா?"

குற்றாலிங்கம் தலையைத் தூக்கினார்.

"நிறத்தைப் பாக்கலையே, உலகு" என்றார்.